ஐந்துக்குக் கீழே

வேலையில் முதல்நாள் சொல்லித்தந்த விதி:
ஒரு கட்டத்துக்குள் ஐந்து போனுக்குக் குறைவென்றால்
எண்ணைக் காட்டாதே, சாம்பல் பூசிவிடு.
இல்லாவிட்டால் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அந்த ஏப்ரலில்
ஸ்காபரோ முழுவதும் என் சாப்பாட்டு மேசையில் கிடந்தது.
மடிக்கணினிக்கு இந்தப் பக்கம் மகளின் நெபுலைசர்,
அந்தப் பக்கம் ஆறிப்போன தேத்தண்ணி.
பெயரில்லை, வயதில்லை.
இரவில் எங்கே கிடந்தது, பகலில் எங்கே நின்றது,
அவ்வளவுதான் ஒரு போன் எழுதும் சுயசரிதை.

வீட்டில் இருங்கள் என்றது வானொலி.
தோட்டம் வைத்த வீட்டுத் தெருக்கள் சொல்கேட்டு நீலமாயின.
எங்கள் அடுக்குமாடிகள் சிவப்பு.
"இந்தச் சனம் ஏன் அடங்குவதில்லை?"
கூட்டத்தில் மார்கோ கேட்டான்.
சிவப்பென்றால் இறைச்சித் தொழிற்சாலை,
சிவப்பென்றால் பார்சல் கிடங்கு,
சிவப்பென்றால் நேற்று உன் வாசலில் வந்திறங்கிய பெட்டி
என்று சொல்லி முடித்தேன்.
"நீ மியூட்டில் இருக்கிறாய்" என்றார்கள்.
ஒன்றுமில்லை என்றேன்.

ஏரிக்கரைக் கார்த் தரிப்பிடத்தில் ஒரு கட்டம்.
காலை ஆறு ஐம்பதிலிருந்து ஏழரை வரை
மூன்று போன்.
பூசினேன்.
மறுநாளும் மூன்று.
மூலக்கோப்பைத் திறந்தது பிழை. திறந்தேன்.
மூன்றில் ஒன்று
இரவு பத்தரைக்கு எங்கள் கட்டிடத்தில் எழும்பி
கிடங்குக்குப் போய், விடிய ஏரிக்கு வந்து,
நாற்பது நிமிடம் சும்மா நின்று
எங்கள் கட்டிடத்துக்கே திரும்புகிறது.

யசோகரன் கதவைத் திறப்பது ஏழு நாற்பதுக்கு.
வேலை முடிவது ஆறரைக்கு.
தெருவில் ஒரு வாகனமில்லாத காலம் அது.
எவளுக்கும் வருகிற யோசனை எனக்கும் வந்தது:
மற்ற இரண்டில் ஒன்று பெண்ணோ?
புள்ளிக்கு ஆண் பெண் கிடையாது.

ஞாயிறு, காரின் டாஷ்போர்டு அறைக்குள்
ஒரு மாற்று ரீசேட், பாதிச் சவர்க்காரம்,
மூடி தேய்ந்த கோடாலித் தைலப் போத்தல்.
கேட்டேன்.
"மணக்குதோ எண்டு பார்க்கிறனான்.
மணந்தால் வீட்டை வருவன்."
மணக்காவிட்டால் எங்கே போவாய் என்று
நான் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை அந்தக் கட்டத்தில் ஏழு.
பூச விதியில்லை. வரைபடத்தில் ஏறிவிட்டது.
"விடியற்காலை ஏரியோரம் கூடுகிறார்கள்" என்றான் மார்கோ.
"பார்ட்டியா?"
இம்முறை மைக் திறந்துதான் இருந்தது.
ஏழு காரும் கண்ணாடி ஏற்றியபடி நிற்கின்றன,
உள்ளே ஒவ்வொருவரும் வீட்டுக்குப் போகலாமா என்று
தம் மூக்கிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்றேன்.
"அது தரவில் இருக்கிறதா?"
இல்லை.
மற்ற ஆறு பேரைப்பற்றி எனக்கென்ன தெரியும்?

திங்கள், தரிப்பிட வாசலில் கொங்கிறீற் கட்டைகள்,
காற்றில் படபடக்கும் மஞ்சள் நாடா.
ஏழும் சிதறின.
டோனட் கடைக்குப் பின்னால் ஒன்று,
மூடிய பள்ளிக்கூடத்தடியில் ஒன்று,
என்னுடையது, பூட்டிய டயர்க்கடையின் கொல்லைப்புறம்.
கட்டத்துக்கு ஒன்று ஒன்றாய்.
ஒவ்வொன்றின்மேலும் சாம்பலை இழுத்துவிட்டேன்,
தூங்குகிற பிள்ளைக்குப் போர்வைபோல.

ஒன்றை மட்டும் அவனிடம் சொல்லவில்லை.
மணம் செத்த மூக்கிலும் தைலம் எரியும்.
எரிவு வேறு நரம்பு.
இத்தனை நாளும் அவனுக்குப் பதில் சொன்னது
எரிவோ மணமோ, யாருக்குத் தெரியும்.
அன்றிரவு அவன் குளிக்கையில் போத்தலை எடுத்துவிட்டு
அதே இடத்தில் ஒரு சிறு டப்பாவில்
கோப்பித்தூள் வைத்தேன்.
வாசலில் திறப்பை வாங்கும்போது
"தைலம் முடிஞ்சுது" என்றேன்.

மறுநாள் ஏழு நாற்பது.
ஏழு நாற்பத்தாறு.
ஏழு ஐம்பத்தொன்று.
திரையில் பார்த்துப் பயனில்லை,
தரவு இரண்டு நாள் பிந்தித்தான் வரும்.
எழும்பிப்போய்க்
கதவடியில் நின்றேன்.